கடல் தாண்டிய மூணு இலை!

வருஷா வருஷம் மார்ச் 17 வந்தா உங்க மொபைல் பச்சையாகிடும், கவனிச்சிருக்கீங்களா? கூகுள்ல பச்சை டூடுல், இன்ஸ்டாவுல பச்சைத் தொப்பி, சிகாகோவுல ஒரு ஆறே பச்சை! கீழே 'செயின்ட் பேட்ரிக்ஸ் டே'ன்னு போட்டிருக்கும். 'ஏதோ வெள்ளைக்காரங்க பீர் குடிக்கிற பண்டிகை போல'ன்னு நினைச்சு அடுத்த ரீலுக்குத் தாவியிருப்பீங்க.

கொஞ்சம் நில்லுங்க பாஸ்! இது அயர்லாந்துக்காரங்க பண்டிகை. அந்த அயர்லாந்துல, இதே மார்ச் 17 அன்னிக்கு மதுக்கடைகளை சட்டம் போட்டு மூடி வெச்சிருந்தாங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல... 1927-லேருந்து 1960 வரைக்கும்! நீங்க வீடியோவுல பார்க்கிற பிரமாண்ட ஊர்வலம் இருக்கே, அதுவும் அயர்லாந்துல பிறந்தது இல்லை.

அப்புறம் எங்கே பிறந்தது? வீட்டை விட்டுப் போனவங்க கிட்ட. போன ஊர்ல உட்கார்ந்து, விட்டுட்டு வந்த ஊரை நினைச்சு நினைச்சே அவங்க பெருசாக்கின பண்டிகை இது. ஜி.ஆர்.ஈ., விசா, ஆன்சைட்னு கேன்டீன்ல உட்கார்ந்து பேசுற நமக்கு இதுல நிறைய மேட்டர் இருக்கு.

பேர் போடாதே, போட்டோ போடாதே!

என் சித்தி அயர்லாந்துல, கார்க் நகரத்துல நர்ஸ். போய்ப் பன்னிரண்டு வருஷமாச்சு. அவங்க பக்கத்து வீட்டுல தனியா இருக்கிற பாட்டிக்கு வயசு 84. சித்தி நைட் டியூட்டி முடிச்சு வரும்போது கதவைத் திறந்து 'டீ குடிச்சிட்டுப் போ'ன்னு கூப்பிடுற பாட்டி. இந்தக் கட்டுரைக்காக மூணு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்ல அவங்களோட பேசினேன். கார்க் ஊர் இங்கிலீஷ் ராகம் போட்டுப் பாடற மாதிரி இருக்கும். பாதி எனக்குப் புரியலை. சித்திதான் நடுவுல டிரான்ஸ்லேட்டர்.

பாட்டி போட்ட கண்டிஷன் ரெண்டே ரெண்டு. "என் பேர் வேண்டாம், போட்டோ வேண்டாம். என் அம்மாவைப் பத்தி மட்டும் நல்லா எழுது."

முதல்ல, யார் இந்த பேட்ரிக்?

செம ட்விஸ்ட் என்னன்னா, செயின்ட் பேட்ரிக் அயர்லாந்துக்காரரே இல்லை! அஞ்சாம் நூற்றாண்டு. அப்போ ரோமானியர்களோட பகுதியா இருந்த பிரிட்டன்ல பிறந்தவர். 16 வயசுல கடற்கொள்ளைக்காரங்க பிடிச்சுட்டுப் போய் அயர்லாந்துல அடிமையா வித்துட்டாங்க. ஆறு வருஷம் ஆடு மேய்ச்சிருக்கார். தப்பிச்சு வீட்டுக்கும் போயிட்டார். ஆனா பிற்பாடு பாதிரியாராகி, தன்னை அடிமையாக்கின அதே ஊருக்குத் தானே திரும்பி வந்தார். இதையெல்லாம் அவரே லத்தீன்ல எழுதி வெச்சிருக்கார். பாம்பையெல்லாம் விரட்டினார்னு சொல்றது மட்டும் கதை. பனியுகத்துக்கு அப்புறம் அந்தத் தீவுல பாம்பே கிடையாது!

அவர் இறந்த நாளா நம்பப்படறதுதான் மார்ச் 17. கிறிஸ்தவத்தோட மும்மூர்த்தித் தத்துவத்தை ஒரு மூணு இலைச் செடியை வெச்சு விளக்கினார்னு ஒரு நம்பிக்கை. அந்தச் செடிதான் ஷாம்ராக். நம்ம ஊர் புளியாரைக் கீரை தெரியுமா? தொட்டி ஓரத்துல மூணு மூணு இலையா முளைக்குமே... பார்க்க ஏறக்குறைய அது மாதிரிதான் இருக்கும்.

'ஷாம்ராக்னா எந்தச் செடி?'ன்னு ஒரு சண்டையும் உண்டு. 1890-களில் நதானியேல் கோல்கன்னு ஒருத்தர், 'உங்க ஊர் ஷாம்ராக்கை வேரோட அனுப்புங்க'ன்னு அயர்லாந்து முழுக்கக் கேட்டு வாங்கி, நட்டு, பூக்கிற வரைக்கும் காத்திருந்து பார்த்தார். வந்தது ஒரே செடி இல்லை! பெரும்பாலானவை ரெண்டு வகை க்ளோவர். ஒவ்வொரு வீட்டுக்கும் அவங்கவங்க அம்மா எதைப் பறிச்சுக் கொடுத்தாங்களோ, அதுதான் ஷாம்ராக்!

பாட்டியோட மார்ச் 17

கார்க் மாவட்டத்துல ஒரு கிராமம். பத்துப் பன்னிரண்டு மாடு, கொஞ்சம் உருளைக்கிழங்குத் தோட்டம், ஆறு பிள்ளைங்க. 1950-கள்.

"விடியறதுக்கு முன்னாடி அம்மா எழுந்து வயல் வரப்புல ஷாம்ராக் தேடப் போவாங்க. அது மார்ச் மாசம். செடி அப்போதான் தலைகாட்டும். குனிஞ்சு தடவித் தடவித்தான் பறிக்கணும். ஈரத்தோட கொண்டுவந்து அப்பா கோட்டுல ஒரு கொத்து, அண்ணன் கோட்டுல ஒரு கொத்துன்னு ஊசி குத்தி விடுவாங்க. பொண்ணுங்க எங்களுக்குப் பச்சை ரிப்பன்ல தச்ச பேட்ஜ். அப்படியே எல்லாரும் சர்ச்சுக்கு நடந்து போவோம்."

பிள்ளைங்களுக்கு அன்னிக்கு இன்னொரு சந்தோஷம். ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம் அது. நாற்பது நாள் மிட்டாய் தொடறதில்லைன்னு குழந்தைங்க சபதம் எடுத்திருப்பாங்க. அதுல மார்ச் 17 மட்டும் லீவு! "மிட்டாயைப் பேப்பர்ல சுத்தி டப்பாவுல சேர்த்து வெச்சிருப்போம். அன்னிக்கு ஒரே நாள்ல எல்லாத்தையும் தின்னுட்டு வயித்து வலியில படுப்போம்"னு சொல்லிச் சிரிக்கறாங்க பாட்டி.

மதியம் முட்டைக்கோஸோட வேகவெச்ச பன்றி இறைச்சி. அப்புறம் ரேடியோ. டப்ளின்ல ஹர்லிங் மேட்ச் நடக்கும். நம்ம ஊர் ஹாக்கி மட்டையை விடத் தட்டையான மட்டை, பந்து பாதி நேரம் ஆகாயத்துல பறக்கும். அயர்லாந்தோட மாகாணங்கள் மோதிக்கிற ரெயில்வே கப் ஃபைனல் அந்தக் காலத்துல மார்ச் 17-லதான். கார்க் ஊர்ப் பிள்ளை கிறிஸ்டி ரிங் மன்ஸ்டர் மாகாணத்துக்காக ஆடி, அந்தக் கோப்பையை மட்டும் 18 தடவை ஜெயிச்சவர். "ரிங் பந்தைத் தொட்டா எங்க அப்பா எழுந்து நின்னுடுவார். ரேடியோ முன்னாடி!"

ஊர்வலம்? பச்சை பீர்? "அதெல்லாம் எங்க ஊர்ல ஏது? எங்களுக்கு அது சாமி கும்பிடற நாள்."

உயிரோட இருக்கறவங்களுக்கு ஒப்பாரி

அந்த நாள் அமெரிக்காவுக்கு எப்படிப் போச்சுன்னு புரியணும்னா ஒரு கணக்கு தெரியணும். 1841-ல அயர்லாந்துத் தீவோட மக்கள்தொகை சுமார் 82 லட்சம். 1845-ல உருளைக்கிழங்குச் செடியில ஒரு நோய் வந்தது. ஏழைங்க சாப்பாடே உருளைக்கிழங்குதான். வருஷக்கணக்கா பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்தாங்க. அதுக்கும் மேல கப்பலேறினாங்க. பஞ்சம் முடிஞ்ச பிறகும் கப்பலேறுறது நிக்கலை. இன்னிக்கு வரைக்கும் அந்தத் தீவு 82 லட்சத்தைத் திரும்பத் தொடலை! ஆனா அமெரிக்காவுல ஐரிஷ் வம்சம்னு சொல்லிக்கறவங்க 3 கோடிக்கு மேல.

கப்பலேறுறதுக்கு முந்தின ராத்திரி ஒரு சடங்கு நடக்கும். பேரு 'அமெரிக்கன் வேக்'. 'வேக்'னா, வீட்டுல சாவு விழுந்தா ராத்திரி முழுக்க உறவுக்காரங்க கூடவே கண் முழிச்சு உட்கார்றது. அதே மாதிரி, அமெரிக்கா போகப்போற பையனையோ பொண்ணையோ நடுவுல வெச்சுக்கிட்டு விடிய விடியப் பாட்டு, ஆட்டம், அழுகை. போனவங்க திரும்பி வரப் போறதில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். உயிரோட இருக்கறவங்களுக்கே ஒப்பாரி!

"அது என் பாட்டி காலத்து வழக்கம். ஆனா 1954-ல எங்க பெரிய அண்ணன் கிளம்பின ராத்திரியும் அப்படித்தான் இருந்துச்சு. எனக்கு அப்போ 13 வயசு. அம்மா மட்டும் அழலை. ராத்திரி முழுக்க அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே இருந்தாங்க. போட்ட சட்டைக்கே திரும்பத் திரும்ப."

அண்ணன் கோவ் துறைமுகத்துல கப்பலேறினார். 1912-ல டைட்டானிக் கடைசியா நின்னுட்டுப் போச்சே, அதே துறைமுகம். 1950-கள்ல மட்டும் வேலை தேடி அந்தக் குட்டி நாட்டை விட்டு வெளியேறினவங்க கணக்கு சுமார் 4 லட்சம். பெரும்பாலானவங்க இங்கிலாந்துக்கு. பாட்டியோட அண்ணன் நியூயார்க்குக்கு. அங்கே பஸ் ஓட்டினார்.

தெருவுக்கு வந்த பண்டிகை

இப்போ அமெரிக்கா பக்கம் வருவோம். இதுவரைக்கும் தெரிஞ்சதுல பழைய செயின்ட் பேட்ரிக் ஊர்வலம் நடந்தது 1601-ல. அயர்லாந்துல இல்லை, அப்போ ஸ்பெயின் கையில இருந்த ஃப்ளோரிடாவுல! 1737-ல பாஸ்டன்ல ஐரிஷ்காரங்க கொண்டாடினாங்க. 1762-ல நியூயார்க்ல, பிரிட்டிஷ் ராணுவத்துல இருந்த ஐரிஷ் சிப்பாய்கள் ஊர்வலம் போனாங்க.

பஞ்சத்துக்கு அப்புறம் வந்து இறங்கினவங்களுக்கு அங்கே ராஜ வரவேற்பு எதுவும் இல்லை. பத்திரிகைக் கார்ட்டூன்ல ஐரிஷ்காரனைக் குரங்கு முகத்தோட, கையில பாட்டிலோட வரைஞ்சாங்க. அப்படி வரையப்பட்டவங்க வருஷத்துல ஒரு நாள் நல்ல கோட்டுப் போட்டு, வரிசையா, பேண்டு வாத்தியத்தோட நடுத்தெருவுல நடந்தா எப்படி இருக்கும்? 'நாங்களும் இங்கேதான் இருக்கோம், எண்ணிப் பாரு'ன்னு சொல்ற மாதிரி இருக்கும். அந்த நடைக்குக் காரணமே அதுதான். இன்னிக்கு 'குடிகாரன்'னு காமெடி போட்ட பச்சை டி-ஷர்ட் விக்கறாங்க பாருங்க, அந்தப் பழைய கார்ட்டூனைத்தான் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கறோம்!

சிகாகோ மேட்டர் நம்ம இன்ஜினீயரிங் மக்களுக்குப் பிடிக்கும். பைப்புல போற கழிவு எந்த வழியா ஆத்துல கலக்குதுன்னு கண்டுபிடிக்க அந்த ஊர் பிளம்பர்கள் ஒரு சாயம் ஊத்துவாங்க. ஒரு நாள் பிளம்பர் ஒருத்தர் உடுப்பெல்லாம் பச்சையா வந்து நிக்க, பிளம்பர் சங்கத் தலைவருக்கு பல்ப் எரிஞ்சுது! 1962-ல சுமார் 45 கிலோ சாயத்தை ஆத்துலயே கொட்டிட்டாங்க. ஒரு வாரம் பச்சை போகலை. அப்புறம் அளவைக் குறைச்சு, 1966-லேருந்து தாவரச் சாயத்துக்கு மாறினாங்க. அந்தப் பவுடர் பார்க்க ஆரஞ்சு கலர்ல இருக்கும், தண்ணியில விழுந்தாத்தான் பச்சை!

லேப்ல ரெனால்ட்ஸ் எக்ஸ்பெரிமென்ட்ல குழாய்க்குள்ள கலர் விட்டுப் பார்த்து ரெக்கார்டு எழுதினோமே... அந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1842-ல பிறந்தது எங்கே தெரியுமா? அயர்லாந்துத் தீவுல, பெல்ஃபாஸ்ட்ல!

அண்ணன் சமைச்ச சாப்பாடு

17 வருஷம் கழிச்சு, 1971 மார்ச்ல அண்ணன் முதல் தடவையா ஊருக்கு வந்தார். மார்ச் 17 அன்னிக்கு 'நான்தான் சமைப்பேன்'னு அடம். பெருமையா கொண்டுவந்து வெச்சது கார்ன்டு பீஃப். உப்புத் தண்ணியில ஊறப்போட்டு வேகவெச்ச மாட்டிறைச்சி, கூட முட்டைக்கோஸ்.

"நாங்க முழிக்கிறோம். 'என்னடா இது?'ன்னு கேட்டா, 'என்ன கேள்வி, நம்ம ஊர் பண்டிகைச் சாப்பாடு!'ங்கறான். எங்க யாருக்குமே அது பண்டிகைச் சாப்பாடு இல்ல!"

நடந்தது இதுதான். நியூயார்க் போன ஐரிஷ்காரங்களுக்கு ஊர்ல சாப்பிட்ட மாதிரிப் பன்றி இறைச்சி கட்டுப்படியாகலை. பக்கத்துத் தெரு யூதர்களோட கடையில உப்பிட்ட மாட்டிறைச்சி மலிவு. அதை முட்டைக்கோஸோட வேகவெச்சாங்க. ஒரு தலைமுறை போச்சு. அதுவே 'பாரம்பரிய ஐரிஷ் விருந்து' ஆயிடுச்சு.

இதுல ஒரு வேதனையும் இருக்கு. 1700-கள்ல உலகத்துக்கே கப்பல் கப்பலா உப்பிட்ட மாட்டிறைச்சி அனுப்பின துறைமுகம் கார்க்தான். அந்த மாட்டை வளர்த்த ஏழைங்களுக்கு அதை வாங்கித் திங்க வழி இல்லை. அவங்க வம்சம் அதைத் தட்டுல பார்த்தது கடல் தாண்டின பிறகுதான். "அப்போ நாங்க சிரிச்சுட்டோம். அவனும் சிரிச்சான். ஆனா ஒரு வாய் கூட மிச்சம் வைக்காம சாப்பிட்டோம்"ங்கறாங்க பாட்டி.

15 கொத்து

இனி, பாட்டி எழுதச் சொன்ன அவங்க அம்மா.

அண்ணன் போன பிறகு ஒவ்வொரு வருஷமும் மார்ச் முதல் வாரத்துலயே அம்மா வரப்புக்குப் போயிடுவாங்களாம். பறிச்ச ஷாம்ராக்கை ஈரப்பாசியில சுத்தி, சின்ன அட்டை டப்பாவுல வெச்சு நியூயார்க்குக்கு ஏர் மெயில். அவங்க மட்டும் இல்லை. பிள்ளைங்களை வெளியூர் அனுப்பின அயர்லாந்து வீடுகள் பலதுலயும் இந்த வழக்கம் இருந்திருக்கு.

"மண்ணோட அனுப்பினா அங்கே விட மாட்டாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க. அதனால அம்மா ஒவ்வொரு வேரையும் பேசின்ல கழுவுவாங்க. துளி மண் இருக்கக் கூடாது. கழுவிக்கிட்டே, 'வாடாம போய்ச் சேரணும், வாடாம போய்ச் சேரணும்'னு முணுமுணுப்பாங்க. அது செடியையா, அவனையான்னு எனக்கு அப்போ புரியலை."

1969 நவம்பர்ல அம்மா இறந்துட்டாங்க. அண்ணனால உடனே கிளம்பி வர முடியலை.

2009-ல அண்ணனும் நியூயார்க்லயே காலமானார். சில மாசம் கழிச்சு அவர் மகள்கிட்டேருந்து பாட்டிக்கு ஒரு பார்சல். உள்ளே அண்ணனோட பழைய ஜெபப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் காஞ்சு பழுப்பேறின ஷாம்ராக். ஒவ்வொரு கொத்துக்குக் கீழேயும் பென்சில்ல வருஷம் எழுதியிருக்கு. 1955, 1956, 1957...

"எண்ணினேன். பதினஞ்சு. 1969-தான் கடைசி. அதுக்கப்புறம் பக்கமெல்லாம் வெறுமையா இருக்கு. நான் வரப்புக்கு ரெண்டு நிமிஷத் தூரத்துலதான் இருந்தேன், கண்ணு. அம்மாவுக்கு அப்புறம் நாம அனுப்பணும்னு எனக்குத் தோணவே இல்லை. அவனும் கேட்கலை."

இதை டிரான்ஸ்லேட் பண்ண வேண்டிய சித்தி ரொம்ப நேரம் எதுவும் பேசலை. ஸ்க்ரீன்ல பாட்டியோட டீ கப் மட்டும் தெரிஞ்சுது.

ரிட்டர்ன் டிக்கெட்!

போனவங்க பெருசாக்கின பண்டிகை கடைசியில ஊருக்கே திரும்பி வந்துச்சு. மார்ச் 17 அயர்லாந்துல அரசு விடுமுறையானது 1903-ல. டப்ளின்ல அரசு ஊர்வலம் 1931-ல. அமெரிக்காவுலேருந்து பேண்டு வாத்தியக் குழுக்கள் வர, கொஞ்சம் கொஞ்சமா அது கோலாகலமாச்சு. 1997-லேருந்து பல நாள் திருவிழா! சின்னச் சின்ன ஊர்ல கூட ஊர்வலம். கார்க் பக்கம் ட்ரிப்ஸிங்கற கிராமத்துல, இந்த பப்ல ஆரம்பிச்சு அந்த பப்ல முடியற உலகத்துலயே குட்டி ஊர்வலம் 2007 வரைக்கும் நடந்துச்சு. ஒரு பப்பை மூடிட்டாங்க, ஊர்வலமும் முடிஞ்சுது!

கொரோனாவால 2020, 2021 ரெண்டு வருஷமும் டப்ளின் ஊர்வலம் கேன்சல். 2020-ல ஹாஸ்பிட்டல் டியூட்டி முடிச்சு வந்த சித்தியோட வாசல் கதவு இடுக்குல ஒரு கொத்து ஷாம்ராக் செருகியிருந்துச்சாம். பாட்டி வெச்சது. அப்போ அவங்களுக்கு வயசு எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது இருக்கும். வெளியே போகக் கூடாதுன்னு சொல்லியிருந்த நேரம். வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற புல்லுலேருந்தே பறிச்சிருக்காங்க.

சித்தியோட பையனுக்கு இப்போ எட்டு வயசு. இந்த வருஷம் ஸ்கூல் பசங்களோட கார்க் ஊர்வலத்துல பச்சைச் சட்டையில நடந்தான். "நீ எந்த ஊருடா?"ன்னு கேட்டா, "கார்க். பொங்கலுக்கு மட்டும் தஞ்சாவூர்"ங்கறான்.

சரி, உங்களுக்கு ஒரே ஒரு டிப்ஸ். அந்தப் பண்டிகைக்கு ஃப்ரெண்டுக்கு மெசேஜ் அனுப்பினா 'பேடி'ன்னு போடுங்க, 'பேட்டி'ன்னு போட்டா ஐரிஷ்காரங்க டென்ஷன் ஆயிடுவாங்க!

ஹாஸ்டலுக்கோ, பெங்களூருக்கோ, கலிஃபோர்னியாவுக்கோ... நம்ம செட்ல பாதிப் பேர் கிளம்பத்தான் போறோம். டப்பாவுல பொடியோ வடகமோ வரும். மீதிப் பாதிப் பேர் ஊர்லயே இருப்பீங்க, வரப்புக்கு ரெண்டு நிமிஷத் தூரத்துல. அம்மாக்கள் அனுப்புற வரைக்கும் அனுப்புவாங்க. பதினாறாவது கொத்து உங்க கையிலதான் இருக்கு.